கோபி வரைக்கும் பதினைந்து நொடி

ஈரோடு. ராத்திரி ஒன்றேகால்.
நாலாம் கட்டிலில் பொங்கியண்ணன்,
மஞ்சள் மண்டியில் எடைபோடுகிறவர்.
முப்பது வருசத்து மஞ்சள்
நகக்கண்ணில் ஏறிக் கிடக்கிறது,
எந்தச் சோப்புக்கும் அசையாமல்.
கழுத்தில் இறங்கிய குழாய்
இதயத்தின் வாசலில் போய் நிற்கிறது.
அந்த வழியில் மருந்து போகும், உப்புநீர் போகும்,
என் விரலில் இருப்பதும் போகும்,
நான் விட்டால்.

குழாய் போட்ட அன்று
டாக்டருக்கு அவசரம்.
அங்கியின் கை
கட்டில் கம்பியில் உரசியது.
நூலளவு. அவர் பார்க்கவில்லை.
"நிறுத்துங்க சார்" என்றேன்.
பிறகு மானிட்டர் மட்டும் பேசியது.
முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்
என்னைப் படித்தன:
பேர், சம்பளம், எத்தனை வருசம்.
அங்கியைக் கழற்றி எறிந்தார்.
வேறு கேட்டார்.

காலையில் பில்லிங்கிலிருந்து போன்:
"ஒரு பேசண்டுக்கு ரெண்டு கிட்டு எப்படிங்க சிஸ்டர்?"
ஒன்று பொங்கியண்ணனுக்கு,
இன்னொன்று வராத காய்ச்சலுக்கு
என்று எழுத
அவர்கள் கணினியில் கட்டம் இல்லை.

மருந்து ஏற்றும் முன் ஒவ்வொரு தடவையும்
குழாயின் வாயைத் தேய்க்க வேண்டும்,
ஸ்பிரிட் பஞ்சில், திருகித் திருகி,
பதினைந்து நொடி.
எண்களை நம்ப முடியாது.
தூக்கம் சொக்கினால் ஏழுக்கு அடுத்து
பன்னிரண்டு வந்துவிடும்.
அதனால் என் பஸ் நிற்கிற ஊர்களால் எண்ணுகிறேன்:
பஸ் ஸ்டாண்டு, வீரப்பன்சத்திரம்,
சித்தோடு, கவுந்தப்பாடி...
கோபி வந்ததும் கையை எடுப்பேன்.
அப்புறம் காய வேண்டும்.
ஆறாம் கட்டில் அலறுகிறபோது
ஈரம் காய்வதைப் பார்த்தபடி
சும்மா நிற்பதற்கு
நர்சிங் காலேஜில் யாரும் பழக்கவில்லை.

போன மாசம் ஒரு ராத்திரி
ரெண்டு பேர் லீவு.
சித்தோட்டிலேயே இறங்கிவிட்டேன்.
அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகவில்லை என்பதுதான்
இன்னும் என்னைப் பயமுறுத்துகிறது.

பார்வையாளர் நேரத்தில் பாவாத்தாள் வந்தார்,
முந்தானை முடிச்சில் ஒரு பொட்டலம்:
"பண்ணாரிப் புத்துமண்ணுங்க.
கழுத்துல சித்த தடவட்டுங்களா?"
அந்தக் கண்ணைப் பார்த்து
'கிருமி' என்ற சொல்லைச் சொல்ல வரவில்லை.
"பிரிக்க வேண்டாங்கம்மா.
அவரு கண்ணு முழிச்சா தெரியற மாதிரி
சுவத்துல ஒட்டிடறேன்."
பிளாஸ்திரி கிழித்து ஒட்டினேன்.
கைப்பழக்கத்தில்
அதன் மேலும் தேதி எழுதி
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அஞ்சாம் நாள் ரவுண்ட்ஸில் கேட்டேன்:
"இந்தக் குழாய் இன்னும் வேணுங்களா சார்?"
"இருக்கட்டும், ஒரு நாள்."
ஆறாம் நாளும் கேட்டேன்.
ஏழாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன்னே
"தெரியுது. எடுத்துருங்க" என்றார், எரிச்சலாக.
எடுத்தேன்.
கழுத்தை அழுத்திப் பிடித்திருந்த ஐந்து நிமிடமும்
பொங்கியண்ணன் என் கையையே பார்த்தார்.
ஸ்பிரிட்டில் வெளுத்து
புறங்கை முழுக்க வெடித்திருந்தது.
"மஞ்சள் அரைச்சுப் போடு கண்ணு,
ரெண்டே நாள்ல ஆறிரும்" என்றார்.
ஏழு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

நிஜமான பஸ்
கோபி போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.
ஜன்னல் சீட்டு. மண்டிப் பக்கத்துக் காற்றில்
மஞ்சள் நெடி.
சித்தோடு தாண்டியதும்
பக்கத்து சீட்டுக்காரம்மா கேட்கிறார்:
"ஏனுங், வெரலு வலிக்குதுங்களா?"
குனிந்து பார்க்கிறேன்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
இல்லாத ஒன்றைப் பிடித்துத்
திருகிக்கொண்டிருக்கின்றன.

"இல்லீங்க" என்கிறேன்.
நிறுத்தவில்லை.
கவுந்தப்பாடி இன்னும் வரவில்லை.