ரிவர்ஸ்

பைன்டவுன் யார்டில் இரண்டும் அடுத்தடுத்து நின்றன.
ஒன்று, பக்கி வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்த வீடு,
உப்புமூட்டை ஏறிய பிள்ளைபோல
ஓட்டுபவர் தலைமேல் மோவாயை வைத்துக்கொண்டு.
மற்றது, சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி.
மூக்கைத் தரையில் ஊன்றி
யாராவது வந்து கொக்கி மாட்டட்டும் என்றிருந்தது.
எங்கள் பக்கி வெளியே நின்றது,
சுமக்கவா இழுக்கவா என்று தெரியாமல்.

பூபாலன் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார்.
மூன்று வாரமாய் நடுவில் கோடு கிழித்து
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.
சுமந்தால் டீசல் இவ்வளவு, இழுத்தால் இவ்வளவு.
முதுகு வீட்டுக்குத் தனி டயர் வேண்டாம்,
தனிப் பதிவு வேண்டாம்,
மலைக் கணவாயில் குறுக்குக் காற்றடித்தால்
வாலாட்டாது.
வாலாட்டாது என்பதை
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

ஃபூரி என்கிற விற்பனைக்காரர் நல்ல மனிதர்தான்.
ஓட்டப்போவது நான் என்று தெரிந்ததும்
இரண்டு நிமிடம் என்னைப் பார்த்துப் பேசினார்.
பிறகு முகம் தானாகவே
இவர் பக்கம் திரும்பிவிட்டது.
இழுவை வண்டியென்றால் கவனம், மேடம்,
ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால்
அது வலது பக்கம் போகும்.

இருபத்திரண்டு வருஷம்
சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன்.
முட்டுச்சந்து, குப்பை லாரி,
நடுரோட்டை அடைத்த கல்யாணப் பந்தல்,
"ஆன்ட்டி, இடிக்கப்போறீங்க!" என்று
அறுபது தொண்டை.
எதிர்ப்பக்கம் எனக்குப் புதிதில்லை.
இந்த மனிதரிடம் டீ வேண்டுமா என்று கேட்டால்
வேண்டாம் என்பார்.
வேண்டும் என்று அர்த்தம்.

உள்ளே ஏறிப் பார்த்தோம்.
முதுகு வீட்டில் கட்டில் மேலே, ஐந்து படி ஏணி.
மூன்றாம் படியில் அவர் முழங்கால் நின்றுவிட்டது.
கூரையை ஆராய்கிறவர்போல
அங்கேயே நின்று
"நல்ல பிளைவுட்" என்றார்.
நான் மேலே போய்ப் படுத்தேன்.
மூக்குக்கும் கூரைக்கும் ஒரு சாண்.
மனசில் வந்த சொல்லை
மேலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

நோட்டில் முழங்காலுக்கு வரி இல்லை.
இன்னொன்றுக்கும் இல்லை.

எழுபத்து நாலு, டிசம்பர் விடுமுறை.
தெற்குக் கரையில் ஒரு கேரவன் முகாம்.
அப்பா வழி தெரியாமல்தான் கேட்டுக்குள் திருப்பினார்.
பலகையை அக்கா வாசித்தாள்,
வகுப்பில் வாசிப்பதுபோல், சத்தமாக,
வெள்ளையர்க்கு மட்டும் என்ற வரிவரைக்கும்.
பின்னால் வந்த கேரவன் ஒதுங்கி வழிவிட்டது.
மரியாதையாகத்தான்.
ஏழு பேர் ஏறிய காரை அப்பா ரிவர்ஸ் எடுத்தார்.
கழுத்தைத் திருப்பியதால்
எங்கள் எல்லோர் முகத்தையும்
அவர் பார்க்கவேண்டியிருந்தது.
கரும்புக் காட்டோரம் நிறுத்தி
காருக்குள்ளேயே பிரியாணி சாப்பிட்டோம்.
கடல் கேட்டது.
தெரியவில்லை.

முதுகு வீடென்றால் நேராகப் போய் நிறுத்திவிடலாம்.
(காலையில் ரொட்டி வாங்கப் போனாலும்
கட்டிலும் கூடவே வரும், அது வேறு.)
இழுவை வீட்டை அப்படி நிறுத்த முடியாது.
எண் போட்ட இடத்துக்குள்
பின்புறமாகத்தான் நுழைக்கவேண்டும்,
அங்குலம் அங்குலமாக,
மடக்கு நாற்காலியில் பீர் குடிப்பவர்கள்
வேறு வேலையில்லாமல் பார்த்திருக்க.

எனக்கு வேண்டியது அதுதான்
என்று ஃபூரியிடம் சொல்லவில்லை.
"ஏணி ஒத்துவராது, முழங்கால்" என்றேன்.
"என் முழங்காலுக்கு என்ன?" என்றார் பூபாலன்.
"உங்களுடையது இல்லை, என்னுடையது."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
நோட்டை மூடினார்.

முன்பணம் கட்டி, கொக்கி மாட்டி,
யார்டிலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.
கண்ணாடியில் பூபாலன்
இரண்டு கையையும் ஆட்டி
"இடது, இடது" என்கிறார்,
வலது பக்கம் காட்டிக்கொண்டு.
கழுத்தைத் திருப்பினேன்.
பின் சீட்டில்
அவர் நோட்டு மட்டும் கிடந்தது.