சீலாவை எந்தப் பக்கம் எழுதுவது

ஷிப்ட் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம்.
கம்ப்ரஸர் ஒரே சுருதியில் ஓடினால்
எனக்கு வேலையில்லை என்று அர்த்தம்.
அம்மோனியா அழுத்தம் குறிக்கும் நோட்டைப்
பின்புறமாகத் திருப்பி
பென்சிலால் நடுவில் ஒரு கோடு.
இடது. வலது.

இடதில் முதல் வரி வங்கிக்கு.
தொழிலகத் தொழில்நுட்பம், நான்கு வருடம்,
நாலு லட்சத்துப் பத்தாயிரம்.
படித்து முடித்தும் ஒரு வருடம்
தவணை கேட்கமாட்டோம் என்றார்கள்.
நல்ல மனுஷர்கள் என்று நினைத்துவிட்டேன்.
தடைக்காலத்தில்
மண்டபத்து விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க
உள்ளே மீன் பெருக்குமே, அப்படிப்
பெருத்திருக்கிறது வட்டி.
ஐந்து லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.
மாதம் ஏழாயிரத்து நூற்று எழுபத்தொன்பதாகப்
பத்து வருடம்.

இரண்டாவது வரி ஸ்டெபிக்கு.
அவளிடம் நான் கடன் வாங்கியதில்லை,
ஆனாலும் இடதில்தான் எழுத வேண்டும்.
ப்ளஸ் டூ முடித்த அதே ஜூனில்
நண்டுக் கம்பெனியில் சேர்ந்தாள், ஒன்பதாயிரத்துக்கு.
நான் வெப்ப இயக்கவியலில் அரியர் வைத்து
அதைத் தீர்த்து, இன்னொன்று வைத்த
நாற்பத்தெட்டு மாதத்தில்
அவள் கைக்கு வந்தது நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.
என் கைக்கு வராதது.
வராததையும் செலவில் எழுது என்று
ஐந்தாம் செமஸ்டரில் ஒரு பாடம் இருந்தது.
அந்தப் பாடத்துக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ்.

வலதில் என் சம்பளம்: பதினைந்தாயிரத்து ஐநூறு.
அப்படியே எழுதினால் பொய்.
ஸ்டெபிக்கு இப்போது பதினோராயிரம்,
ஆகவே பட்டம் கொண்டுவந்தது
நாலாயிரத்து ஐநூறு மட்டும்.

இடதைக் கூட்டி வலதால் வகுத்தேன்.
இருநூற்று எண்பத்தேழு மாதம்.
எனக்கு நாற்பத்தேழு வயதாகும்போது
சமன்.
அதற்குமேல் வருவதெல்லாம் லாபம்.
லாபத்தில் நிற்கும் அந்தப் பெண்ணை
நினைத்துப் பார்த்தேன், முகம் வரவில்லை,
மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பதினெட்டாயிரம் தருகிறார்கள்.
ஹாஸ்டலுக்கு ஆறாயிரத்து ஐநூறு.
அதை எழுதவே இல்லை.

ஆபரேட்டர் கார்மேகத்துக்குப் பதினாறாயிரம்,
என்னைவிட ஐநூறு கூடுதல்.
எட்டாங்கிளாஸ்.
அவர் நோட்டில் இடது பக்கமே கிடையாது.

கணக்கு இதோடு முடிந்திருக்கும்,
போன மாதம் மட்டும் இல்லாவிட்டால்.

இங்கே போர் தண்ணீர் கடலுக்குச் சொந்தக்காரி,
கண்டென்சர் குழாய்க்குள் விரல் கனத்துக்கு
உப்பை அப்பி வைத்திருந்தாள்.
அழுத்தமானி பதினாறில் நின்றது.
'அது அப்படித்தான் நிக்கும்' என்றார்கள்.
அரை நாள் மிஷினை நிறுத்தச் சொன்னேன்,
சண்டை போட்டேன் என்றும் சொல்லலாம்.
ஆசிட் விட்டுக் கழுவியபின்
முள் இறங்கி இறங்கிப்
பதிமூன்றில் உட்கார்ந்தது.

கரண்ட் பில் இருபத்து மூவாயிரம் குறைந்து வந்தது.
ஜபருல்லா முதலாளி கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, திரும்பப் பார்த்தார்.
சாயங்காலம் தினசரித் தாளில் சுற்றி
ஒரு சீலா கொடுத்தார்.
'இன்ஜினியரம்மா, வீட்டுக்குக் கொண்டுபோங்க.'

ஐஸ் பார் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
மூன்று கிலோ இருநூறு.
கிலோ எழுநூறு என்றால்
இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.
வலதில் எழுதினேன். அழித்தேன்.
திரும்ப எழுதிப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இருபத்து மூவாயிரம்
இந்த மாதமும் குறையும், அடுத்த மாதமும்.
என் தவணையைப் போல் மூன்று பங்கு.
நாலு வருடப் படிப்புக்கு வலது பக்கம்
இருக்கத்தான் செய்கிறது.
இந்த நோட்டில் இல்லை,
மாடியில், முதலாளி மேஜையின்
இழுப்பறைக்குள்ளே இருக்கும் நோட்டில்.

ஐந்தாம் தேதி பில் வரும்.
அவர் உறையைக் கிழிக்கும்போது
அந்த மேஜைக்கு முன்னால் நிற்கப்போகிறேன்.

நோட்டை முன்புறம் திருப்பி
இன்றைய தேதி, மணி,
அழுத்தம் பதிமூன்று என்று எழுதுகிறேன்,
இதை மட்டும் பேனாவால்.