இரவின் நிறம்

முதலில் அதைக் கறுப்பாக்கினார்கள்.
லாம்புச் சிமினிக் கரியை எண்ணெயில் குழைத்ததுபோல்
மினுக்கமே இல்லாத கறுப்பு.
சீனன்குடா ஓடுபாதையோரம்
ஏணியில் நின்று பூசியவன்
கிண்ணியா உதுமாலெப்பை, நாட்கூலி.
தூரிகையைத் துடைத்தபடி சொன்னான்:
"நிலவு எழும்பினா இது ஆனை மாதிரித் தெரியும், தொரை.
இரவு கறுப்பில்ல."
துரைக்குத் தமிழ் தெரியாது.

கொட்டியாரக் குடாவில் வலை விட்டவனுக்குத் தெரியும்,
இரவு கணவாயின் முதுகு,
அணைந்த அடுப்பு,
அடியில் எங்கோ கொஞ்சம் பச்சை.

காகிதங்கள் கடல் தாண்டிப் போய்த் திரும்ப
இரண்டு மாரி கழிந்தது.
கறுப்பின் சொரசொரப்பு வேகத்தைத் தின்கிறதாம்,
வெளிச்சம் பட்டால் காட்டிக்கொடுக்கிறதாம்.
சாம்பலே போதும் என்றது உத்தரவு.
உதுமாலெப்பை மறுபடி ஏணியில் ஏறினான்.
அதே கூலி.

மூக்கில் அம்புத்தலை போல ஓர் அன்டெனா.
வயிற்றுக்குள் கூனிக் குந்தியிருந்தவன்
வானத்தைப் பார்க்காமலே
வானமெங்கும் அலைந்தான்.
அவனுக்கு எதிரி என்பது
பச்சைக் கோட்டில் ஒரு முளை.
"இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம். மெதுவாக."
ஓர் இரவு, நிலாவெளிக்கு அப்பால்
கடல் கொஞ்ச நேரம் எரிந்தது.
விழுந்தது எது, யார்,
கரைக்கு எவரும் சொல்லவில்லை.

சண்டை முடிந்ததும் இறக்கைகளை அறுத்தார்கள்.
தகரம் போயிற்று, இயந்திரம் போயிற்று,
ஒரு வாளி சாம்பல் பெயின்ட்
மூடியோடு இறுகிப் போயிற்று.
அந்தப் பச்சைக் கண் மட்டும் சாகவில்லை.
கப்பலேறியது, கோபுரம் ஏறியது,
எங்கள் யுத்தத்தில்
துறைமுக மேட்டில் வந்து குந்தியது.

அப்போது கடலுக்குப் பாஸ்.
மாலை ஆறுக்குள் கரையில் நிற்கவேண்டும்.
மாசி மாதம், மோட்டார் நின்றுபோய்
பவுல் முனைக்கு வெளியே
நானும் மரியசீலனும், மணி எட்டு.
வள்ளத்துக்குச் சாம்பல் நிறம்தான்;
கடையில் மலிவு அது.
எங்கோ ஒருவன்
கடலைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இடப்பக்கம். மெதுவாக.

மரியசீலன் வெள்ளைப் பெனியனைக் கழற்றித்
துடுப்பில் கட்டினான்.
விடியும்வரை ஆட்டினான்,
தோள் வீங்க.

புள்ளிக்குக் கை கிடையாது என்பது
அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.