பெருவிரலின் எடை

தாலினுக்குக் கிழக்கே, மூகா துறைமுகத்தில்
ஷிஃப்ட் முடித்து வந்த ஊர்வே
பூட்ஸைக் கழற்றுகிறாள்.
கம்பளிக் காலுறையையும்.
வெறுங்காலோடுதான் அதை ஓட்ட முடியும்.

சமையலறை மேசையில் இறுக்கிய ஸ்டியரிங்.
பலகையில் திருகிய பெடல்கள்.
கீழ்வீட்டு ஹெல்யூவுக்குச் சத்தம் போகாதிருக்க
பலகைக்கடியில்
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, மூன்று அடுக்கு.

திரையில் உறுமி நிற்கிறது மஞ்சள் கார்.
எழுநூற்று இருபது குதிரைகள்,
அத்தனையும் பின்சக்கரங்களில்.
வழுக்கினால் பிடித்துக்கொள்ளும் உதவிகளை எல்லாம்
அவளே அணைத்துவிட்டாள்.
ஏன் என்று கேட்டான் மைத்துனன் டைவோ.
"சண்டைக்கு ஆள் கூட்டிக்கொண்டா போவார்கள்?"

நவம்பர் முழுக்க
ஒரு சுற்றை முடிக்க விடவில்லை அது.
டர்போ தூங்குவதுபோல் கிடக்கும்,
ஒன்றரை நொடி கழித்து உதைக்கும்.
இரண்டாம் வளைவில் வால் தலையை முந்தும்.
வந்த வழியையே பார்த்துக்கொண்டு
நிற்பாள், புகைக்குள்.
அடியாத மாடு படியாது என்பார்கள்.
இதை அடித்தால்
அடித்தவர் முகத்துக்கே திரும்புகிறது.

இன்று பகலில் காற்று.
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில் அவள்.
கீழே வடங்களில் தொங்கிய பெட்டி,
இருபத்தாறு டன்,
ஊசலாடத் தொடங்கியது.
எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் ஆடும்.
அது போகும் பக்கமே தானும் போய்
ஆட்டத்தின் உச்சியில் அதைச் சந்திக்கவேண்டும்.
பதினெட்டு வருடமாய்க் கைக்குத் தெரிந்த காரியம்.
காலுக்கு யாரும் சொல்லவில்லை.

இரவு.
முதல் இரண்டு சுற்றும் டயர் சூடேற மட்டும்.
மூன்றாவதில், வளைவுக்குள்,
இறக்கிவைத்த பெட்டியிலிருந்து வடம் தளர்வதுபோல்
பிரேக்கை விடுகிறாள்.
பின்பக்கம் நழுவுகிறது.
நழுவட்டும்.
ஸ்டியரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடுகிறது,
விரல்களுக்கிடையே ஓடவிடுகிறாள்.
ஆக்சிலரேட்டரில் பெருவிரல் மட்டும்,
ஒரு முட்டையின் எடை.
டர்போ விழிக்கும் இடத்துக்கு
அதற்கு முன்பே போய்
சக்கரங்களை நேராக்கிக் காத்திருக்கிறாள்.

உதை வந்தது.
முன்னோக்கி.

அவளுக்கு முன்னால்
சாம்பல் நிறத்தில், உடலில்லாமல் ஒரு கார்:
போன வாரத்து அவளுடைய சிறந்த சுற்று.
அதன் தடுமாற்றங்கள் அவளுக்கு அத்துப்படி.
பாலத்துக்கு முன் பதறும்.
மேட்டில் வீணாகப் பயப்படும்.
அதன் ஊடாகவே நுழைந்து வெளியேறுகிறாள்.
கண்ணாடியில் பார்க்கையில்
கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது.

கடைசி வளைவில் சிரித்துவிட்டாள்.
பெருவிரலும் சிரித்திருக்கவேண்டும்.

வால். வேலி. புகை. வந்த வழி.
அவசரமே இல்லாமல்
சாம்பல் கார் அவளைத் தாண்டிப்போய்க்
கோட்டைத் தொடுகிறது.

கீழிருந்து ஹெல்யூ குழாயைத் தட்டுகிறாள், இரண்டு தட்டு.
மணி ஒன்று இருபது.
ஊர்வே எழுந்துபோய்
நான்காவது பஞ்சை எடுத்துவருகிறாள்.