வழித்தடம்

மாலை ஆறு நாற்பது
கோவை–கொல்கத்தா
இனி இல்லையென்று ஒரு வரி.
அதன் கீழே இரண்டு பத்தி,
இணைந்ததில் பெருமைப்படுகிறார்களாம்.

இரண்டு கம்பெனி இருந்தபோது
கிலோவுக்கு மூன்று ரூபாய் இழுத்துப் பேசுவேன்.
இப்போது ஒரே வால், ஒரே நிறம்.
எந்தப் பெட்டியும்
பெங்களூர் போய்த்தான் ஏறவேண்டும்.

கட்டபெட்டுக் குடிலில்
மொட்டுகளை ஒருநாள் முந்தி வெட்டுகிறேன்.
யார் யாரை வாங்கினார்கள் என்று
கார்னேஷனுக்குத் தெரியாது.
சூடு பட்டால் விரியும், அவ்வளவுதான்.

ஹாலன் வேனை எடுத்தபோது நாலரை.
தலைக்குந்தாவில் டூரிஸ்ட் பஸ்கள்,
நடுவட்டத்தில் மழை,
கூடலூரில் ஏதோ ஊர்வலம்.
ஒன்பது நாலுக்கு போன்:
"அக்கா, கேட்டை மூடிட்டான்."

விடியற்காலை ஆறுவரை ரோடு கிடையாது.
பின்னால் நாற்பது பெட்டி,
கொல்கத்தாவில் நாளைக்கு யாருக்கோ மணமேடை.
"ஏசி ஓடட்டுமா? டீசல் பாக்கணுமே."
ஓடட்டும் என்றேன்.

எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டேன்,
சும்மா, தூக்கம் வராமல்.
"பலகை. யானை வழித்தடம்னு."
பிறகு குரலைத் தணித்தான்:
"வருதுக்கா. குட்டியோட ஏழு... இல்ல, எட்டு.
நேரா தாண்டிப் போகுது,
எங்கயும் மாறி ஏறாம."