நாலு விரல்

டயர் வெளியே தள்ளி நிற்கிறது நாலு விரல்.
குச்சவெளிச் சந்தியில் பொலிஸ்காரர்
தன் விரலையே வைத்து அளந்துவிட்டுத்தான்
தண்டம் எழுதினார்.
கண்ணாடியில், கதவில், என் காதுக்குள்ளும்
களப்புச் சேறு.

திருமலை மீன்வாடியில் கழித்துவிட்ட நீலப் பீப்பா,
பேரம் பேசி ரெண்டாயிரம்.
துளசிகரன் அதன் வயிற்றைக் கிரைண்டரால் கீற
பழைய சூடைமீன் வாசம் புகையோடு எழும்பியது.
மதிலில் மூன்று பூனைகள் வந்து குந்தின,
நாங்கள் ஏதோ பொரிக்கிறோம் என்று.

அச்சு வெட்டினது பால்மாப் பெட்டி மட்டையில்.
இடப்பக்கம் கச்சிதம்.
திருப்பி வலப்பக்கம் வைத்தால்
ஒன்றரை அங்குலம் வானத்தைப் பார்க்கிறது.
மட்டையில் பிழையில்லை.
முந்திய சொந்தக்காரன் எந்த மரத்தில் மோதினானோ,
எவன் தட்டி நிமிர்த்தினானோ,
பெயிண்டுக்குக் கீழே
இத்தனை வருசம் மூச்சுவிடாமல் கிடந்திருக்கிறது.

வலதுக்கு வேறு மட்டை.

கொதிதண்ணி ஊற்றி ஊற்றி
சாக்குச் சுற்றிய கையால் அமத்தினோம்.
பிடிவாதக்காரப் பிளாஸ்டிக்,
பொழுது சாயத்தான் சக்கரத்தின் சொல் கேட்டது.
ரிவெட் பதினெட்டு.
ஓரத்துக்குச் சைக்கிள் டியூப்.
பின்சக்கரங்களுக்குப் பீப்பா போதவில்லை.

அடுத்தநாள் களப்புக்குள் இறக்கினோம்.
கண்ணாடி துப்புரவு! ஹோன் அடித்தேன்.
பின்னால் நின்று தள்ளிய துளசிகரன்
கண் மட்டும் வெள்ளையாய்
என் பரம்பரையையே திட்டிக்கொண்டு வருகிறான்.

வலப்பக்க வளைவில்
தலைகீழாய் இன்னும் வாசிக்கலாம்:
குடிநீருக்கு உதவாது.