காலி எடை

வாளையாறுக்கு இந்தப் பக்கம்
க.க.சாவடி எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
வண்டி ஏறும். எண் ஓடும். எண் நிற்கும்.
நின்ற பிறகுதான் சீட்டு.
ஓடுகிற எண்ணை நம்பாதே என்பது
இந்த வேலையில் முதல் பாடம்.

ஆறு மணிக்கு அடுத்த ஆள் வந்துவிடுவான்.
எட்டிமடையில் வீடு. உடனே போவதில்லை.
இரும்பு ஏணி ஏறி, அறையின் மொட்டைத் தளத்தில்
சிமெண்டுச் சாக்கு இரண்டைப் பிரித்துத் தைத்த விரிப்பை
விரிப்பேன். நாலு மூலைக்கும் நாலு செங்கல்.
கணவாய்க் காற்றுக்கு விரிப்பும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான்.

இ.எஸ்.ஐ.யில் கொடுத்த தாள், நகலின் நகல்.
அதில் குனிந்து நிற்கும் மனிதனுக்கு முகம் அழிந்துவிட்டது.
முட்டி மட்டும் தெளிவாக இருக்கிறது.
எனக்கும் அப்படித்தான்.

மூச்சைக் கவனிக்கவும், என்று போட்டிருக்கிறது.
கவனித்தால் அது
யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும்
நடை மாறிப்போகிற ஆள் மாதிரி ஆகிவிடுகிறது.
மேற்கே கஞ்சிக்கோட்டு உருக்காலை வாசம்,
அதற்குப் பின்னால் மழை வாசம்.
மூக்கு இரண்டையும் பிரித்து எடுப்பதற்குள்
மூச்சு தன்பாட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கும்.

கீழே செங்கல் லோடோடு வினயன், ஆலத்தூர்க்காரன்,
ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துகிறான்:
"சேச்சீ, ஆர்க்கா நமஸ்காரம்?"
"முட்டிக்கு!"
சிரிப்பு, ஹாரன், டீசல்.

பாதம் தொடக் குனிகிறேன்.
முழங்காலுக்குக் கீழே ஒரு சாணில் விரல் நின்றுவிடுகிறது.
அங்கே, தொடைக்குப் பின்னால் நரம்பு இழுக்கிற இடத்தில்
அம்சவேணி இருக்கிறாள்.
என் தங்கை. பேசிப் பதினான்கு மாதம்.
மதுக்கரையில் நாலரை சென்ட், அவ்வளவுதான் விஷயம்.
ஐந்து மூச்சு வரை எண்ணுவேன்.
ஆறாவதில் அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருப்பேன்.
நல்ல பதில்கள். தேதி, சாட்சி, கையெழுத்தோடு.
பல்லைக் கடித்திருப்பது அப்புறம்தான் தெரியும்.
தாளில் பல்லுக்குப் படம் இல்லை.

போன செவ்வாய் நல்ல மழை.
எம்-சாண்ட் வண்டி இறங்கிப் போய்விட்டது.
மேடை காலி. திரையில் இருபது கிலோ.

ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பூஜ்யம்.
எல்லோரும் அதைத்தான் செய்வோம்.
ஆனால் மண் இடுக்கிலேயே இருக்கும்;
அது உதிர்கிற அன்றைக்கு
வெறும் மேடை, கழித்தல் இருபது காட்டும்.
குடையும் கடப்பாரையுமாக இறங்கினேன்.
சேறு, ஒரு தேங்காய் மட்டை,
யாருடையதோ செருப்பு வார்.

அன்று காலை ஈரத் தளத்தில்
கடைசியாகப் படுப்பதற்குப் படுத்தேன்.
கை, கால், வயிறு எல்லாம் இறங்கிவிட்டன.
வலது தோள் மட்டும் தரையைத் தொடவில்லை.
எத்தனை நாளாக இப்படி? அரை விரற்கடை உயரத்தில்
எதையோ தூக்கிக்கொண்டே படுத்திருந்திருக்கிறது.
இறங்கு என்று சொல்லவில்லை.
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறாவது மூச்சு வந்தது, பதிலும் வந்தது.
அப்போது உறைத்தது:
இந்தப் பதினான்கு மாதமும் என் தலைக்குள்
அம்சவேணி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.
அவளுக்கும் சேர்த்து
நான்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோள் கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது.
எண் ஓடிக்கொண்டிருந்தது.
நான் சீட்டு அடிக்கவில்லை.

செங்கல்லை ஓரமாக வைத்து, விரிப்பைச் சுருட்டி
ஏணியில் இறங்கினேன்.
மூன்றாம் படியில் முட்டி வழக்கம்போலச் சொடுக்கியது.
மதுக்கரை வழிப் பேருந்து நின்றிருந்தது.
ஏறினேன்.
எட்டிமடைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.
எடுக்கும் முன் நடத்துனர்
இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.